வலிக்கிறது என்று சொல்ல விடுங்கள்

தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம் பக்கம் வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளின் வலியைத் தணிக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் நான். கிறிஸ்தவ வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "வலிக்குதுன்னு சொன்னா விசுவாசம் இல்லைன்னு நினைப்பாங்க சிஸ்டர்."

காசிமேட்டில் ஓர் அம்மா. மார்பகப் புற்று முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. நான் போன நேரம் சபையிலிருந்து ஜெபக்குழு வந்திருந்தது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் படியிறங்கிய பிறகுதான் சாய்ந்தார். காலையில் போட வேண்டிய மார்ஃபின் மாத்திரை தலையணைக்கு அடியில் இருந்தது. உபவாச நாளாம். மருந்து போட்டால் ஆண்டவரை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம்.

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போடும் மாத்திரை அது. ஒரு வேளை தவறினாலே வலி முந்திக்கொள்ளும், அப்புறம் அதை அடக்குவது பெரும்பாடு. டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடுகிறவர்கள் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து தருவோம். வேதத்தில், சாகும் நிலையில் நோயாய்க் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தபோது, குணமாக்குவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்தார். அதே அதிகாரத்தில்தான் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். வாக்குத்தத்தம் கையில் இருக்கும்போதே பிளவையின்மேல் பற்றும் போட்டார்கள்.

ஆண்டவர் கூட இருந்தால் புலம்பக் கூடாது என்று யார் சொன்னது? 88-ம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கையில் முடியும், இது இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் கூப்பிட்டவரும் ஒரு சங்கீதத்தின் முதல் வரியைத்தான் சொன்னார். அந்த அம்மாவுக்கு 88-ஐ மெதுவாக வாசித்தேன். "ஆண்டவர்கிட்ட இப்படியெல்லாம்கூட கேக்கலாமா?" என்றார். ரொம்ப நேரம் அழுதார். அப்புறம் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஆண்டவருடைய பிரசன்னத்தை அந்த அழுகையில் நான் உணர்ந்தேன்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஏதாவது பாவம் இருக்கும், அறிக்கை பண்ணுங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பிறவிக் குருடனைக் காட்டி யார் பாவம் செய்தது என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றுதான் இயேசு சொன்னார். துன்பத்தில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. "எழுந்திருக்காதீங்க, படுத்தே இருங்க" என்று முதலில் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். ராத்திரியெல்லாம் கண்விழிக்கிற மகள் கொஞ்சம் தூங்கட்டும், அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

வீட்டில் யாராவது படுத்த படுக்கையாக இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிக்கும் சிகிச்சைக்கும் வீட்டுக்கே வருவார்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நோயாளிக்கோ அவரைப் பார்த்துக்கொள்பவருக்கோ செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பாஸ்டரிடமும் சொல்லுங்கள், ஆனால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.