ப்ளூஸை நீலம் ஆக்காதீர்கள்

நண்பர் ஒருவர் அமெரிக்காவில் மெம்பிஸ் போய் இறங்கி, கார் வாடகைக்கு எடுத்து, 61-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே மிசிசிப்பி மாநிலத்துக்குள் ஐந்து நாள் சுற்றப் போகிறார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் பிறந்து வளர்ந்த ஊர்களைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. திட்டத்தை எழுதி எனக்கு அனுப்பியிருந்தார், தலைப்பு ‘நீல இசைச் சாலைப் பயணம்’. சிரித்துவிட்டேன். நீலப்படம் என்றால் என்னவென்று தெரிந்த ஊரில் நீல இசை கேட்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப முடியுமா?

சரி, ப்ளூஸ் என்ற சொல்லில் நிறம் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் மனம் சோர்ந்து கிடப்பவனை ‘நீலப் பேய்கள்’ பிடித்திருப்பதாகச் சொல்லும் வழக்கம் முன்பு இருந்தது. அந்தத் தொடரில் பேய் கழன்றுபோய் நிறம் மட்டும் பன்மையில் நின்றுவிட்டது. நடிகர் டேவிட் காரிக் 1741-இல் எழுதிய கடிதம் ஒன்றிலேயே இந்தச் சோர்வை ப்ளூஸ் என்று சொல்லியிருக்கிறார். ஆக, பாட்டுக்குப் பெயராவதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் முன்பே அது மனநிலைக்குப் பெயர். தமிழில் நீலத்துக்கும் சோகத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நமக்கு நீலம் என்றால் கடல், மயில் கழுத்து, சிவன் தொண்டையில் நின்ற நஞ்சு. எனவே நிறத்தை மொழிபெயர்ப்பது வீண்வேலை.

பாட்டுக்கு அந்தப் பெயர் எப்போது ஒட்டியது என்று நாள் குறிக்க முடியாது. ஆனால் எல்லாரும் சொல்லும் ஒரு கதை உண்டு. டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்குழுத் தலைவர், 1903 வாக்கில் மிசிசிப்பி மாநிலத்து டட்வைலர் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்து தூங்கிப்போனார். விழித்துப் பார்த்தால் பக்கத்தில் கந்தல் உடையில் ஒரு கறுப்பினத்தவர், கிட்டார் கம்பிமேல் கத்தியை வைத்து இழுத்துக்கொண்டே பாடுகிறார். ஒரே வரி, மூன்று தடவை. சதர்ன் ரயில்பாதை ‘டாக்’ பாதையைக் குறுக்கே வெட்டும் இடத்துக்குப் போகிறேன், அவ்வளவுதான் அந்த வரி. ‘டாக்’ என்பது அந்தப் பக்கத்து ரயில்பாதைக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர், பாதைகள் வெட்டிக்கொள்ளும் ஊர் மூர்ஹெட். ஹேண்டி பிறகு 1912-இல் ‘மெம்பிஸ் ப்ளூஸ்’ என்று மெட்டை அச்சிட்டு வெளியிட்டார். 1920-இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’ இசைத்தட்டு விற்றுத் தீர்ந்ததும் கம்பெனிகள் கறுப்பினப் பாடகர்களைத் தேடி ஓடின. பெயர் நிலைத்துவிட்டது.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘சோகப்பாட்டு’ என்றால் நம் சினிமாவில் மழையில் நனைந்துகொண்டு நாயகன் பாடுவதுதான் ஞாபகம் வரும். ‘ஒப்பாரி’ கொஞ்சம் கிட்டே வருகிறது, ஆனால் அதற்கு ஒரு சாவு வேண்டும். ப்ளூஸ் பாடுகிறவனுக்குக் கூலி வரவில்லை, பெண்டாட்டி ஓடிவிட்டாள், ஆறு உடைத்து வீடு போய்விட்டது, இதையெல்லாம் சொல்லிக்கொண்டே நடுவில் கேலியும் சரசமும் பேசுவான், கேட்கிறவர்கள் எழுந்து ஆடுவார்கள். வடிவத்தில் பார்த்தால் நம் ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் இதற்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். பருத்திக் காட்டில் ஒருவர் குரல் எடுக்க மற்றவர்கள் பதில் கொடுத்த பாட்டிலிருந்து வந்தது ப்ளூஸ், அதனால் முதல் வரியைத் திருப்பிப் பாடி மூன்றாவது வரியில் பதில் சொல்லும் பழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனாலும் தெம்மாங்கைத் தெம்மாங்கு என்றுதானே சொல்கிறோம்? இசைவகையின் பெயர் ப்ளூஸாகவே இருக்கட்டும்.

அந்த மனநிலைக்கு மட்டும் தமிழில் சொல் வேண்டுமென்றால் என் ஓட்டு ‘ஆற்றாமை’க்கு. தாங்கமுடியாமை என்று பொருள். அகப்பாட்டுகளில் தலைவி ஆற்றாமல் சொன்னது என்று துறைக்குறிப்பே எழுதியிருப்பார்கள். புண் ஆறுவதும், பாலை ஆற்றுவதும் இந்தச் சொல்லோடு சேர்ந்து காதில் விழும். தாங்கமுடியாததைத் தானே வாய்விட்டுச் சொல்லி ஆற்றிக்கொள்கிறான், ப்ளூஸ்காரன் வேறென்ன செய்கிறான்?

நண்பரின் தாளில் இன்னொரு வம்பு, ‘மிசிசிப்பிக் கழிமுகம்’. இதை நம்பினால் வழியே தவறிவிடும். மிசிசிப்பி டெல்டா என்று அந்த மாநிலத்துக்காரர்கள் சொல்வது ஆறு கடலில் கலக்கும் இடத்தை அல்ல. மிசிசிப்பிக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவே, மெம்பிஸ் பக்கத்திலிருந்து விக்ஸ்பர்க் வரை சுமார் 320 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கும் தட்டையான வண்டல் நிலம் அது. உண்மையான கழிமுகத்துக்கு விக்ஸ்பர்க்கிலிருந்து இன்னும் 300 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். வண்டல்வெளி என்று எழுதலாம், அல்லது தஞ்சாவூர்க்காரர்கள் சொல்வதுபோல டெல்டா என்றே விட்டுவிடலாம். வண்டல் என்பதால் பருத்தி, பருத்தி என்பதால் குத்தகைக் கடனில் சிக்கிய கறுப்பினக் குடும்பங்கள், அவர்கள் இருந்ததால் இந்தப் பாட்டு. கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் டாக்கரி பண்ணையைக் கட்டாயம் பார்க்கச் சொன்னேன். 1895-இல் தொடங்கியது, ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் வாழ்ந்து பாடிய இடம்.

‘ஜூக் ஜாயிண்ட்’டை அவர் ‘மதுக்கூடம்’ என்று எழுதியிருந்தார். அரை உண்மை. அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரக் கறுப்பின மக்களின் ‘கல்லா’ (Gullah) மொழியில் ‘ஜூக்’ என்றால் ஒழுங்கில்லாத, ஆட்டம்பாட்டமான என்று பொருள், வேர் மேற்கு ஆப்பிரிக்காவில். குடி, ஆட்டம், சூதாட்டம், பொரித்த மீன் எல்லாம் ஒரே கொட்டகையில். ‘ஆட்டக் கொட்டகை’ என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் வாரக் கடைசி ராத்திரியில்தான் களைகட்டும், அதனால் மெம்பிஸிலிருந்து 120 கி.மீ. தள்ளியிருக்கும் கிளார்க்ஸ்டேலில் வெள்ளி, சனி தங்குகிற மாதிரி அவர் திட்டத்தை மாற்றினேன். பகலில் பழைய சரக்கு ரயில் நிலையத்தில் இருக்கும் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம், அப்புறம் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் விபத்தில் அடிபட்டு உயிர்விட்ட மருத்துவமனைக் கட்டடம். அதுதான் பின்னாளில் ரிவர்சைட் ஹோட்டல் ஆனது.

கடைசியாக ‘சாலைப் பயணம்’. தப்பில்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது. ஆறு என்றால் வழி, ஒரு பாணன் இன்னொரு பாணனிடம் இந்த ஊருக்குப் போ, அங்கே இது சாப்பிடக் கிடைக்கும் என்று வழிசொன்னால் அது ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படையில் ஆமூருக்குப் போனால் நண்டுக் கறியோடு வெண்சோறு. டெல்டாவில் அந்த இடம் டமாலேக்கு. மக்காச்சோள மாவுக்குள் காரமான இறைச்சி வைத்து, சோளமடலில் சுற்றி வேகவைப்பார்கள், மெக்சிகோ பலகாரம். பருத்தி பறிக்க வந்த மெக்சிகோக்காரர்களோடு வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். கிரீன்வில் ஊரில் நிறுத்திச் சாப்பிடலாம்.

டட்வைலரில் அந்த ஆள் மூன்று தடவை பாடியதும் ஒரு வழிதானே! நண்பரின் தாளில் ப்ளூஸ் கலைஞர் பி. பி. கிங் அருங்காட்சியகம் இருக்கும் இந்தியனோலா மட்டும் இருந்தது, அதற்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் மூர்ஹெட் இல்லை. இரண்டு ரயில்பாதை செங்கோணமாக வெட்டிக்கொள்ளும் இடம், ஒரு விளக்கப் பலகை, மற்றபடி பெரிதாக ஒன்றும் இருக்காது. பென்சிலால் சேர்த்துவிட்டேன்.