பன்றி உழுத வயலுக்கு இழப்பீடு: செட்டிநாட்டு விவசாயிகள் எங்கே கோட்டை விடுகிறோம்

காட்டு விலங்கு பயிரை அழித்தால் தமிழ்நாடு வனத்துறை இழப்பீடு தரும். மனிதருக்குக் காயமோ உயிரிழப்போ நேர்ந்தாலும், ஆடு மாடு செத்தாலும் தனித்தனித் தொகை உண்டு. திட்டம் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். எங்கள் பக்கத்தில் கடலை போட்டவர்களும் நெல் போட்டவர்களும் பணம் வாங்காமல் விட்டதற்குக் காரணம் சட்டம் இல்லை, முதல் இரண்டு நாளில் செய்யத் தவறியதும் மேசைக்கு மேசை அலைய விட்டதும்தான். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணம். 'சரணாலயத்தை ஒட்டின ஊருக்குத்தான் இதெல்லாம், நமக்குக் கிடையாது' என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பலர் சொல்கிறார்கள். தவறு. திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் மொத்தமே 38.4 ஹெக்டேர்தான், 1977-இல் அறிவித்தது. பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, அதைப் பாராட்டி வருடா வருடம் செய்தி வருகிறது. ஆனால் பன்றியும் மானும் சரணாலய எல்லை பார்த்து மேய்வதில்லை. சேதம் உங்கள் பட்டா நிலத்தில் நடந்திருக்க வேண்டும், செய்தது காட்டு விலங்கு என்று வனத்துறை ஆள் வந்து பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான் அடிப்படை.

அந்தப் 'பட்டா நிலம்' என்ற இடத்தில்தான் செட்டிநாட்டில் பாதிக் கதை முடிகிறது. இங்கே பட்டா ஒருவர் பெயரில், உழுவது வேறொருவர். நில உடமைக்காரர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார், இல்லையென்றால் பட்டா இன்னும் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும், பங்காளிகள் எட்டுப் பேர் எட்டு ஊரில் இருப்பார்கள். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் நிலையும் அதேதான். விதை, உரம், கூலி எல்லாம் வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுதவர் கைக்காசு. ஆனால் மனு கொடுக்கப் போனால் 'பட்டாதாரரைக் கூட்டி வாங்க' என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள். வெறுங்கையோடு திரும்பி வராதீர்கள். பயிர் செய்பவர் பெயர் அடங்கலில் (ஊர்ப் பயிர்க் கணக்கில்) ஏறியிருக்கிறதா என்று முதலில் வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். விதைத்த உடனே பார்க்க வேண்டிய வேலை இது, பன்றி வந்த பிறகு போனால் 'இப்ப எழுத முடியாது' என்பார். நிலக்காரரிடம், இந்தப் போகம் இன்னார்தான் பயிர் செய்கிறார், இழப்பீடு அவருக்குக் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை என்று சர்வே எண் போட்டு ஒரு சம்மதக் கடிதம் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். குத்தகை உரிமையைத் தாசில்தார் அலுவலகத்தில் பதிவு செய்ய 1969-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்று நிலக்காரர் பயப்படுவார், அதனால் யாரும் பதிவதில்லை. அந்தப் பயத்தோடு சண்டை போட நேரமில்லை என்றால் சம்மதக் கடிதமாவது கட்டாயம் வேண்டும்.

கண்மாய் உள்வாயிலோ (தண்ணீர் நிற்கிற பகுதி) புறம்போக்கிலோ போட்ட பயிருக்கு இதில் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். கசப்பாக இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து தடயம். பன்றி கடலைக் காட்டில் இறங்கினால் மூஞ்சியால் வரிசை வரிசையாகக் கிண்டிப் போட்டிருக்கும், செடி வேரோடு மல்லாந்து கிடக்கும், பிஞ்சுக் கடலையின் தோல் மண்ணோடு மிதிபட்டிருக்கும், ஈரமண்ணில் பிளந்த குளம்புத் தடம் தெளிவாகத் தெரியும். காலையில் பார்த்தவுடன் நம் ஆட்கள் முதலில் செய்வது என்ன? மனசு கேட்காமல் மிச்சச் செடியை நிமிர்த்திக் கட்டுவது, இல்லையென்றால் மாட்டை அவிழ்த்துவிட்டு மேயவிடுவது. மாட்டுக் குளம்பு விழுந்தபின் பாரஸ்டர் வந்து 'ஊர் மாடு மேய்ந்ததுதானே' என்று எழுதிவிட்டால் அதை மாற்ற யாராலும் முடியாது. பார்வையிடும்வரை வயலைத் தொடாதீர்கள். மழை வந்தால் தடம் கரைந்துவிடும், ஆகவே அன்று காலையே படம் எடுங்கள். குளம்புத் தடத்துக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்து ஒரு படம், சர்வே கல்லோ கிணறோ மோட்டார் கொட்டகையோ தெரிகிற மாதிரி, நீங்களும் நிற்கிற மாதிரி ஒரு படம். போனில் இடமும் தேதியும் பதிவாகிற கேமரா செயலி இருந்தால் அதில் எடுங்கள்.

அன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மனு. போனில் பாரஸ்ட் கார்டிடம் சொல்லிவிட்டேன், தலையாரியிடம் சொல்லிவிட்டேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. மனுவோடு பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் இவற்றின் நகல், படங்கள். எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு பரப்பு, என்ன பயிர், விதைத்து எத்தனை நாள் என்று மனுவிலேயே எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் தேதி முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். முத்திரை இல்லை, ரேஞ்சர் கேம்ப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க என்பார்கள். நாளைக்குப் போகாதீர்கள், நேரே தபால் ஆபீசுக்குப் போய் அதே மனுவை ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) சரகத்துக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் அனுப்பிவிடுங்கள். அந்த ரசீதுதான் பிறகு உங்களுக்காகப் பேசும்.

அப்புறம் ஆரம்பமாகும் பந்து விளையாட்டு. வனத்துறை 'வேளாண்மை ஆபீசர் சேத மதிப்பு போட்டுத் தரணும்' என்பார்கள், அவர் 'வி.ஏ.ஓ. பரப்பு சொல்லணும்' என்பார், வி.ஏ.ஓ. 'வனத்துறை எனக்குக் கடிதம் எழுதட்டும்' என்பார். மூன்று பேரும் தனித்தனியாக வந்தால் மூன்று கணக்கு வரும், மூன்றில் குறைச்சலான கணக்குதான் நிற்கும். ஒரே நாளில் கூட்டாகப் பார்வையிட வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். வருகிறவர் வெற்றுத் தாளிலோ பரப்பு எழுதாத மகஜரிலோ (பார்வையிட்ட குறிப்பு) கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போடுங்கள். ஒரு ஏக்கர் அழிந்த இடத்தில் இருபது சென்ட் என்று எழுதிய தாளுக்குக் கீழே ரேகை வைத்துவிட்டு வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு அதற்குமேல் யாராலும் உதவ முடியவில்லை.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். காட்டு விலங்குச் சேதத்தைப் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது, 2026 காரிப் பருவத்திலிருந்து. ஆனால் எந்த மாவட்டம், எந்த விலங்கு என்று மாநில அரசு அறிவித்தால்தான் செல்லும். பிரீமியம் கட்டும்போது 'பன்றி சேதத்துக்கு நம்ம ஊர் சேருமா' என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். சேர்ந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு பதிவு செய்ய வேண்டும். உதவி எண் 14447.

இதற்கெல்லாம் அலைவதற்கு ஒரு கம்பியை இழுத்து விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். நேரடி மின்சாரம் பாய்ச்சிய வேலியில் விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற உங்கள் வீட்டு ஆளே மாட்டிக்கொள்ளலாம். சோலார் வேலி போடவும் 2023 விதிகள் வந்துவிட்டன, வனத்துறையிடம் கேட்டுவிட்டே போடுங்கள். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி) வைப்பதும், மயிலுக்கு நெல்லில் விஷம் கலப்பதும் ஜெயில். மயில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, 3 முதல் 7 ஆண்டு வரை தண்டனை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சிங்கம்புணரி, பிரான்மலைப் பக்கம் இறங்கும் காட்டுமாடும் அதே அட்டவணைதான்.

பன்றியைச் சுட ஆணை வந்துவிட்டதாமே என்று ஊரில் பேச்சு. 2025 ஜனவரியில் அரசு சொன்னது இதுதான்: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம். சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆள், நாம் இல்லை. செட்டிநாட்டில் காப்புக்காட்டுக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஊர்கள் நிறைய, ஆனால் யாரும் வீடு தேடி வந்து இதைச் சொல்லப் போவதில்லை. இதற்கான ஊர்க் குழுவில் வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர், வனத்துறை ஆள் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் குழு இருக்கிறதா என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள், கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளும் கூட்டம் உண்டு.

அறிவிப்பு எல்லாம் சரக அலுவலகப் பலகையில் ஒட்டிவிட்டோம் என்பார்கள். விதைப்பு நாளில் யார் அங்கே போய்ப் படிப்பது? மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத் தேதி நாளிதழின் மாவட்டச் செய்தியில் வரும், அதை மட்டும் விடாமல் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் வனத்துறை அதிகாரியும் உட்கார்ந்திருப்பார், கலெக்டர் முன்னால் மனு எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அங்கே போக முடியாதவர்கள் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள்.

அப்படியும் நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில், 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட வன அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஏன் தரவில்லை என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. இன்ன தேதியில் கொடுத்த என் மனுவின் இன்றைய நிலை என்ன, வயலைப் பார்வையிட்ட தேதி எது, பார்வையிட்ட அறிக்கையின் நகல் தருக, கோப்பு இப்போது எந்தப் பதவியில் உள்ளவரிடம் இருக்கிறது, இந்த நான்கை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வரும்வரை விரைவுத் தபால் ரசீதையும் முத்திரை போட்ட பிரதியையும் வீட்டில் பட்டா வைத்திருக்கிற இடத்திலேயே சேர்த்து வையுங்கள்.