வேகவைத்த சிப்பியில் மிஞ்சும் நஞ்சு

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் எங்கள் அவசரப் பிரிவுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக் குடும்பம். "உதடு மரத்துப்போச்சு சார். காலு தரையில படாம மெதக்குற மாதிரி இருக்கு" என்றார் மகன். மருமகளுக்கு விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. வயதான அம்மாவுக்கு எச்சில் விழுங்கவே முடியவில்லை.

ரத்த அழுத்தம் சரி, ஈசிஜி சரி, சர்க்கரையும் சரி. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினாலும் உதடும் விரலும் மரக்கும் என்பதால் அந்தத் திசையிலேயே யோசித்துக்கொண்டிருந்தேன். அதே கடற்கரை ஊரைச் சேர்ந்த எங்கள் நர்ஸ்தான் கேட்டார்: "சாயங்காலம் என்ன சாப்பிட்டீங்க?"

மரச்சீனிக் கிழங்கும் சிப்பி அவியலும். பாறையிலிருந்து மகனே பறித்துக்கொண்டு வந்த சிப்பி. கூட வந்திருந்த பேத்திக்குச் சிப்பி பிடிக்காது, கிழங்கு மட்டும் சாப்பிட்டிருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. அம்மா பல் இல்லாததால் சதையைத் தொடவில்லை. சிப்பி வெந்த தண்ணீரில் மிளகு தட்டிப் போட்டுக் குடித்திருந்தார். மூவரில் அவர் நிலைதான் மிக மோசம். ஒரு மணி நேரத்துக்குள் மூச்சுத் தசைகள் தளர, வென்டிலேட்டரில் போட்டோம். இரண்டாம் நாள் குழாயை எடுத்ததும் தானாக மூச்சு விட்டார்.

"நல்லா வேகவச்சுத்தான் சார் சாப்பிட்டோம்" என்று மகன் திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் சொல்லவில்லை. இதில் வேகவைப்பது உதவாது என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் எப்போதும் உண்டு. மீனுக்கும் இறாலுக்கும் அடிப்படைத் தீனியே அவைதான். தண்ணீரில் சத்து கூடி, வெயிலும் ஒத்துழைத்தால் திடீரென்று கோடிக்கணக்கில் பெருகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அடிக்கடல் தண்ணீர் சத்தோடு மேலே வருவது இயற்கை. அதோடு நம் சாக்கடையும் வயல் உரமும் சேருகின்றன. இந்தப் பாசிகளில் சில இனங்கள் சாக்ஸிடாக்ஸின் என்ற நஞ்சைச் சுரக்கும். சிப்பியும் மட்டியும் நாளெல்லாம் தண்ணீரை வடிகட்டித் தின்பவை. ஆகவே நஞ்சு அவற்றின் சதையில் சேர்ந்துகொண்டே போகும். சிப்பிக்கு இதனால் பெரிய பாதிப்பு இருக்காது. மணமும் ருசியும் மாறாது. அடுப்புச் சூடு இந்த நஞ்சை அழிக்காது, ஃப்ரீசரும் அழிக்காது. தண்ணீரில் கரையும் நஞ்சு என்பதால் வெந்த சாற்றில் இறங்கிவிடும். அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

உடம்புக்குள் போனால் நரம்பு செய்தி கடத்தும் வழியை இது அடைத்துவிடுகிறது. முதலில் உதடு, நாக்கு, விரல், அப்புறம் கை கால், கடைசியில் மூச்சு. மாற்று மருந்து இல்லை. ஆனால் முதல் ஒரு நாள் மூச்சுக்கு முட்டுக் கொடுத்துக் காப்பாற்றிவிட்டால் பெரும்பாலும் முழுமையாகத் தேறிவிடுவார்கள். அதனால்தான் "காலையில பார்த்துக்கலாம்" என்று வீட்டில் படுக்கவைப்பது எனக்குப் பெரும் பயம்.

எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் விழிஞ்ஞத்தில் 1997 செப்டம்பரில் சிப்பி சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள். 500 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதற்கு முன்பே 1981-இல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்டு மூவர் இறந்து, 85 பேர் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். 2004 செப்டம்பரில் கொல்லம் முதல் விழிஞ்ஞம் வரை கடலிலிருந்து குமட்டும் நாற்றம் வீசி, 200 பேருக்கு மேல் குமட்டலும் மூச்சுத்திணறலுமாக அவதிப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகள் அதிகம். 2019-இல் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதும் செப்டம்பர்தான். தென்மேற்குப் பருவமழை முடிகிற அந்த வாரங்களில் எனக்கு இப்போது கூடுதல் கவனம் வந்துவிடுகிறது.

மண்டபம் மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் அந்தப் பச்சைப் பெருக்கம் வேறு வகை. நாக்டிலூக்கா என்ற அந்த உயிரி சாக்ஸிடாக்ஸின் சுரப்பதில்லை. தண்ணீரில் அம்மோனியாவைக் கூட்டி, ஆக்சிஜனைக் குறைத்து மீனைச் சாகடிக்கிறது. அதற்காகச் செத்து ஒதுங்கிய மீனைப் பொறுக்கிச் சமைக்காதீர்கள், கருவாடும் போடாதீர்கள். நிறம் மாறவில்லை என்பதால் பயமில்லை என்று முடிவெடுக்கவும் கூடாது. தண்ணீர் தெளிவாகத் தெரியும்போதே சிப்பியில் நஞ்சு ஏறியிருக்கலாம். பெருக்கம் அடங்கி வாரங்கள் ஆன பிறகும் மிச்சம் இருக்கலாம்.

கடல் மட்டும் அல்ல. தேங்கிய ஏரியிலும் குளத்திலும் பச்சைப் பெயின்டைக் கொட்டியதுபோல மிதக்கும் நீலப்பச்சைப்பாசியில் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைத் தரும். அது கல்லீரலைத் தாக்கும். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் அப்படிப்பட்ட தண்ணீர் டயாலிசிஸுக்குப் பயன்பட்டதில் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். 2014-இல் அமெரிக்காவின் டொலிடோ நகரில் இதே நஞ்சு குழாய்த் தண்ணீரில் வந்தபோது, காய்ச்சிக்கூடக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். காய்ச்சினால் பாசி சாகும். உள்ளே இருக்கும் நஞ்சு தண்ணீருக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட குளத்தில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள், மாட்டுக்கும் தண்ணீர் காட்டாதீர்கள்.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் பாசிப் பெருக்கத்தைக் கண்காணித்துத் தகவல் தருகிறது. கேரளக் கடலும் மன்னார் வளைகுடாவும் அதில் அடங்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் செயற்கைக்கோளுக்குச் சிப்பியின் சதைக்குள் இருப்பது தெரியாது. ஒரு கிலோ சதையில் 800 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருந்தால் விற்கக்கூடாது என்பது பல நாடுகளின் விதி. அந்த அளவு தாண்டினால் சிப்பி எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் சிப்பியை யாரும் அப்படிச் சோதித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சோதனை இங்கேயும் வர வேண்டும்.

அதுவரை, கடல் நிறம் மாறினாலோ நாற்றம் வந்தாலோ சிப்பியும் மட்டியும் வேண்டாம். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு மரத்தால் 108-ஐ அழையுங்கள். சட்டியில் மிச்சம் இருப்பதைக் கொட்டாமல் மூடி எடுத்து வாருங்கள். ஒன்றாகச் சாப்பிட்ட எல்லோரையும், நன்றாக இருப்பவர்களையும் சேர்த்து, கூட்டி வாருங்கள்.

எங்கள் அவசரப் பிரிவு நோயாளிச் சீட்டில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: "கடைசியாகச் சாப்பிட்ட சிப்பி, மட்டி, மீன் எது? எங்கே எடுத்தது?" அதைச் சேர்க்கச் சொன்னவர் அந்த நர்ஸ்தான்.