விற்காமல் போனதற்கு ரசீது இல்லை

எட்டு பில் கவுன்ட்டர்கள் கட்டியிருப்பார்கள். இரண்டில்தான் ஆள் இருப்பார். ஏதாவது கேட்கலாம் என்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சீருடை போட்டவர் யாரும் இல்லை. தென்படுகிற ஒருவரும் பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு ஓடிக்கொண்டிருப்பார்; அவரை நிறுத்த நமக்கே மனசு வராது. பெரிய மளிகைக் கடை நிறுவனங்கள் இப்படி ஆகிவருவதற்கு முதலாளிகளின் பேராசைதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பேராசை இருக்கும்தான். ஆனால் பேராசைக்காரர் தன் லாபத்தைத் தானே குறைத்துக்கொள்வாரா? ஆளைக் குறைத்த கடைகள் பலவற்றில் கொஞ்ச நாள் கழித்து விற்பனையும் லாபமும் சேர்ந்தே சரிகின்றன. கடை தன்னைத்தானே அளந்துகொள்ளும் முறையில் ஒரு குருட்டுப் புள்ளி இருப்பதுதான் இதற்குக் காரணம்.

மளிகை வியாபாரத்தில் கடைசியில் கையில் நிற்பது சொற்பம். பெரிய நிறுவனங்களிலேயே நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை தேறினால் பெரிது. சரக்கின் கொள்முதல் விலை பேசி முடித்தது. வாடகை ஒப்பந்தத்தில் எழுதியது. குளிர்பெட்டிகளை அணைக்க முடியாது. அடுத்த வாரமே குறைத்துக் காட்டக்கூடிய பெரிய செலவு சம்பளம் ஒன்றுதான். ஆகவே தலைமை அலுவலகம் ஒவ்வொரு கிளைக்கும், விற்பனையில் இத்தனை சதவீதத்துக்குள் சம்பளம் அடங்க வேண்டும் என்று கோடு போடுகிறது. வரும் வாரம் எவ்வளவு விற்கும் என்று மென்பொருள் கணிக்கும். அதை வைத்து, மொத்தம் எத்தனை மணி நேர வேலைக்கு அனுமதி என்று ஓர் எண் வரும். கிளை மேலாளர் அதை ஷிஃப்டுகளாகப் பிரித்துப் போடுவார். விற்பனை குறைந்தால் அந்த எண்ணும் தானாகக் குறையும். இந்த விதிக்கு மறுபடி வருவோம்.

முதலில் வரிசை. காத்திருக்கும் வரிசையைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் கிராரூப் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை இணைப்புகள் போட்டால் வாடிக்கையாளர் அதிகம் காத்திருக்காமல் பேசலாம் என்பது அவருக்கு வந்த கேள்வி. 1909-ல் முதல் கட்டுரையும், 1917-ல் இன்றும் பயன்படும் சூத்திரங்களும் வெளியாயின. தொலைபேசி அழைப்பும் பில் போட வருபவரும் கணிதத்துக்கு ஒன்றுதான். இருவருமே சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ஒரு கடைக்கு மணிக்கு 80 பேர் வருகிறார்கள், ஒருவருக்கு பில் போட சராசரியாக 3 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 240 நிமிட வேலை. ஒரு கவுன்ட்டரில் மணிக்கு 60 நிமிட வேலை நடக்கும். அப்படியானால் நான்கு கவுன்ட்டர் கச்சிதமாகப் போதும் என்று தோன்றும். எர்லாங்கின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், நான்கு கவுன்ட்டரில் வரிசை ஒரு நிலைக்கு வரவே வராது, நீண்டுகொண்டே போகும். ஆள் வராத ஐந்து நிமிடத்தை எடுத்து வைத்து, கூட்டம் வரும்போது செலவழிக்க முடியாது என்பதே காரணம். போன சும்மா நேரம் போனதுதான். ஐந்து கவுன்ட்டர் திறந்து, எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்தால் சராசரிக் காத்திருப்பு 1 நிமிடம் 40 விநாடி. ஆறு திறந்தால் 26 விநாடி.

இப்போது கூட்டம் கொஞ்சம் கூடி, மணிக்கு 90 பேர் ஆகட்டும். ஆறு கவுன்ட்டர் உள்ள கடையில் காத்திருப்பு 51 விநாடியாகும். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஐந்து உள்ள கடையில் அது நாலரை நிமிடத்தைத் தாண்டிவிடும். வந்தவர்கள் கூடியது எட்டில் ஒரு பங்கு. காத்திருப்பு கூடியதோ இரண்டே முக்கால் மடங்கு. ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் விடுப்பு, ஒரு இயந்திரத்தில் பில் தாள் தீர்ந்தது என்று ஏதாவது சேர்ந்தால் கதை முடிந்தது. வரிசைக் கணக்கின் சுபாவம் இது. ஓரளவு வரை எதுவும் ஆகாது, பிறகு திடீரென்று எல்லாம் ஆகிவிடும்.

ஆறு கவுன்ட்டர் கடையை மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் வேறொன்று படும். மணிக்கு 80 பேர் வரும்போது அந்த ஆறு பேரும் மூன்றில் ஒரு பங்கு நேரம் பில் போடாமல் இருக்கிறார்கள். எக்செல் தாளில் இதற்கு 'வீண்' என்று பெயர். வாடிக்கையாளரை 26 விநாடியில் அனுப்பி வைத்தது அந்த வீண்தான் என்பது தாளில் எங்கும் இருக்காது.

சரி, ஆறாவது ஆளை எடுத்தாயிற்று. கூட்டம் வந்ததும் ஒலிபெருக்கியில் அழைப்பு போகும். அடுக்குகளில் சரக்கு நிரப்பிக்கொண்டிருப்பவர் பாதி பிரித்த பெட்டியை அப்படியே விட்டுவிட்டு பில் போட வருவார். வரிசை கலையும். மேலாளரின் பார்வையில் பிரச்சினை தீர்ந்தது. உண்மையில் அது கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. மளிகைக் கடையில் செய்யாவிட்டால் அன்றைக்கே தெரியாத வேலைகள் நிறைய உண்டு. காலாவதி தேதி பார்ப்பது, பழைய சரக்கை முன்னுக்கு இழுத்துப் புதியதைப் பின்னால் வைப்பது, விலைச் சீட்டு மாற்றுவது, குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறித்து வைப்பது, காலியான இடத்தில் நின்று 'இது ஏன் காலி?' என்று கேட்பது. ஆள் குறைந்தால் முதலில் உதிர்வது இவைதான். கடைசியாகச் சொன்னது உதிர்வதுதான் ஆகப் பெரிய நஷ்டம்.

ஏன் என்று பார்க்க, ஒரு சோப்பை எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிறுவனம், ஒரே விலை, மூன்று வாசனை. வாடிக்கையாளர் மூன்றிலும் ஒவ்வொன்று கொண்டுவந்து வைக்கிறார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். பில் போடுபவர் மல்லிகை சோப்பை மூன்று முறை ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறார். பணத்தில் ஒரு காசு பிசகில்லை. ஆனால் கணினியின் கணக்கில் மல்லிகை மூன்று குறைந்தது. ரோஜாவும் சந்தனமும் குறையவே இல்லை. இதே மாதிரி சில நாள் போனால், அடுக்கில் சந்தன சோப்பு தீர்ந்துவிடும். கணினி மட்டும் ஆறு இருக்கிறது என்று சொல்லும். ஆறு இருக்கும்போது எதற்கு ஆர்டர் போட வேண்டும்? தானியங்கி ஆர்டர் முறை பேசாமல் இருந்துவிடும். சந்தன சோப்பு வராது. வராததால் விற்காது. விற்காததால் கணக்கும் ஆறிலேயே நிற்கும். மனிதர் ஒருவர் வந்து பார்த்து ஆறை அழித்துப் பூஜ்யம் என்று திருத்தும் வரை இந்த முடிச்சு தானாக அவிழாது. உடைந்தது, திருடு போனது, பின்கிடங்கில் தவறான இடத்தில் அடுக்கியது என்று ஆறு இல்லாமல் போவதற்கு இன்னும் பல வழிகள் உண்டு.

இது அபூர்வமாக நடப்பதாக நினைக்க வேண்டாம். நிக்கோல் டிஹொரேஷியஸ், அனந்த் ராமன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சரிபார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். கணினி சொன்ன எண்ணும் கடையில் இருந்த எண்ணும் பொருந்தாதவை 65 சதவீதம். 2002-ல் தாமஸ் க்ரூயன், டேனியல் கோர்ஸ்டன் குழுவினர் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்தபோது, எந்த நேரத்திலும் சராசரியாக 8.3 சதவீதப் பொருட்கள் அடுக்கில் இல்லை என்று தெரிந்தது. லாரி வரவில்லை, தொழிற்சாலையில் உற்பத்தி இல்லை என்பதெல்லாம் அதில் சிறிய பங்கு. முக்கால்வாசிக் காரணம் கடைக்குள்ளேயே இருந்தது. சுமார் கால்வாசிச் சந்தர்ப்பங்களில் பொருள் அதே கட்டடத்தில், பின்கிடங்கில் இருந்தது. எடுத்து வந்து அடுக்க ஆள் இல்லை.

இனி அந்த விதிக்குத் திரும்பலாம். சந்தன சோப்பு தேடி வந்தவர் வெறும் அடுக்கைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் வரிசையின் நீளத்தைப் பார்த்து, கூடையை ஓர் ஓரமாக வைத்துவிட்டு நடையைக் கட்டினார். இந்த இரண்டும் கடையின் எந்தப் பதிவிலும் ஏறாது. விற்றதற்கு ரசீது உண்டு. விற்காமல் போனதற்குக் கிடையாது. அடுத்த வாரத்தைக் கணிக்கும் மென்பொருளுக்கோ தீனியே ரசீதுகள்தான். பொருள் இல்லாததால் விற்காததை, யாருக்கும் வேண்டாததால் விற்காததாக அது படித்துக்கொள்கிறது. புள்ளியியலில் இதைத் தணிக்கைக்குள்ளான (censored) தரவு என்பார்கள். தேவை எவ்வளவு என்பதில் ஒரு பகுதி வெட்டுப்பட்டு, மிச்சம்தான் கண்ணில் படுகிறது. கணிப்பு இறங்கும். கணிப்பு இறங்கினால் வேலை மணி நேரம் இறங்கும். மணி நேரம் இறங்கினால் அடுக்குகள் இன்னும் காலியாகும். இந்தச் சுழலில் யாரும் தப்பான முடிவு எடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எண்கள் சொன்னபடிதான் நடந்திருக்கிறார்கள். எனக்கு இதில் பயமூட்டுவதே அதுதான்.

மனிதர் குறுக்கிட்டுச் சுழலை உடைக்க முடியும். பால் பிரிவு, காய்கறிப் பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் இருந்த காலத்தில் அதை அவர்கள்தான் செய்தார்கள். கணினி பத்துப் பெட்டி போதும் என்றால், வெள்ளிக்கிழமை விடுமுறை என்று அவருக்குத் தெரியும். பதினைந்து என்று திருத்துவார். தினமும் ஒரே இடத்தைச் சுற்றி வருபவர் என்பதால் சந்தன சோப்பு மூன்று நாளாக இல்லாதது அவர் கண்ணை உறுத்தும். நிர்வாக அடுக்கைக் குறைக்கும்போது இந்தப் பதவிகளைத்தான் முதலில் எடுக்கிறார்கள். சம்பளம் சற்று அதிகம், அவர் செய்வதைப் பாதி மென்பொருளே செய்கிறது என்று நியாயம் சொல்வார்கள். அந்த மென்பொருளைத் திருத்திக்கொண்டிருந்தவர் அவர் என்பதை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மிஞ்சிய ஒரு மேலாளர் நான்கு பிரிவுகளைப் பார்க்க வேண்டும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லித்தரவும் வேண்டும். வேலைப்பளுவில் பழைய ஆட்கள் விலக, புதியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். புதியவர்கள் மூன்று சோப்பையும் ஒன்றாக ஸ்கேன் செய்வார்கள்.

இவ்வளவு கேடு இருந்தும் ஆட்குறைப்பு ஏன் வெற்றி போலத் தெரிகிறது? முதல் சில மாதங்களில் அது உண்மையிலேயே வெற்றிதான். சம்பளச் செலவு அன்றைக்கே குறைகிறது. வாடிக்கையாளர் பழக்கத்தில் இன்னும் சில மாதம் வருகிறார். மிஞ்சிய ஊழியர்கள் ஓடி ஓடி ஈடுகட்டுகிறார்கள். காலாண்டு அறிக்கை அழகாக இருக்கும். முடிவெடுத்தவருக்கு ஊக்கத்தொகையும் வந்திருக்கும். சரிவு தெரிய ஆரம்பிக்கும்போது பழி விலைவாசி மேல் விழும், இல்லையென்றால் போட்டிக் கடை மேல் விழும். அமெரிக்காவின் சர்க்யூட் சிட்டி மளிகைக் கடை அல்ல, மின்னணுப் பொருள் விற்றது. ஆனாலும் அதன் கதை இங்கே பொருந்தும். 2007 மார்ச்சில் அது, சம்பளம் கூடுதலாக வாங்கிய அனுபவசாலி ஊழியர்கள் சுமார் 3,400 பேரை ஒரே நாளில் அனுப்பியது. 2008 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. 2009-ல் கடைகள் மூடப்பட்டன. நிதி நெருக்கடியும் போட்டியும் அதை ஏற்கெனவே அரித்துக்கொண்டிருந்தன என்பதால் ஆட்குறைப்பே கொன்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பொருளை விளக்கி விற்கத் தெரிந்தவர்களை அனுப்பிவிட்டு அது பிழைக்கப் பார்த்தது.

நாமே ஸ்கேன் செய்துகொள்ளும் கவுன்ட்டர்களைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. அங்கே வேலை மறையவில்லை. சம்பளம் வாங்காத, பயிற்சி இல்லாத நம் கைக்கு மாறியிருக்கிறது. சோப்புப் பிழை அங்கே இன்னும் தாராளமாக நடக்கும்.

எதிர்த்திசையில் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெய்னெப் டோன் பல ஆண்டுகளாகச் சில்லறை வணிகத்தை ஆராய்ந்து வருபவர். ஸ்பெயினின் மெர்கடோனா போன்ற மளிகை நிறுவனங்களைக் காட்டி, வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆள் வைத்திருப்பது அவற்றின் பலம் என்கிறார். எர்லாங் கணக்கில் பார்த்த ஆறாவது கவுன்ட்டர்தான் அது. ஒரு வித்தியாசம், கூட்டம் இல்லாதபோது அந்த ஆறாவது ஆள் அடுக்குகளைச் சரிபார்க்கப் பயிற்சி பெற்றிருப்பார். ஆகவே சும்மா நேரமும் சும்மா போவதில்லை. கேப் என்ற ஆயத்த ஆடை நிறுவனத்தின் சில கடைகளில் ஷிஃப்டுகளை முன்கூட்டியே நிலையாக அறிவித்து, அனுபவசாலிகளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்து ஒரு சோதனை நடந்தது. 2018-ல் வெளியான முடிவின்படி, அந்தக் கடைகளின் விற்பனை மற்றவற்றைவிட 7 சதவீதம் கூடியது.

மார்ஷல் ஃபிஷரும் சகாக்களும் ஒரு சில்லறை நிறுவனத்தின் கிளைகளை ஆராய்ந்ததில், சம்பளச் செலவில் ஒரு டாலர் கூட்டினால் மாத விற்பனை கிளையைப் பொறுத்து 4 டாலர் முதல் 28 டாலர் வரை கூடியது. இந்த இடைவெளியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். விற்பனையில் கால் பங்கு மொத்த லாபம் (சரக்கின் கொள்முதல் விலை மட்டும் போக மிஞ்சுவது) என்று வைத்தால், 4 டாலர் கூடிய கிளையில் போட்ட ஒரு டாலர் திரும்பி வந்தது, அவ்வளவே. அங்கே ஆள் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம். 28 டாலர் கூடிய கிளையில் ஒன்று போட்டு ஏழு எடுக்கலாம். 'எல்லாக் கிளைகளிலும் ஐந்து சதவீதம் வெட்டு' என்ற சுற்றறிக்கைக்கு இந்த இரண்டு கிளைகளும் ஒன்றுதான். எது எந்த ரகம் என்று ரசீதுகளைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது. சில கிளைகளில் சில மாதம் ஆளைக் கூட்டி, கூட்டாத கிளைகளோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்கு அனுமதி வாங்க ஒரு கிளை மேலாளர் கோப்பு கோப்பாக நியாயம் எழுத வேண்டியிருக்கும். வெட்டுவதற்கு யாரும் அவரிடம் ஆதாரம் கேட்பதில்லை.