பணம் வந்த பிறகு எழுதப்படும் திட்டம்

நான் செய்த ஒரு தப்பிலிருந்தே தொடங்குகிறேன். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்த காலம். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எப்படி எழுதுவது என்று தலைமை ஆசிரியர்கள் விடாமல் கேட்டதால், ஓர் இரவு உட்கார்ந்து மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு வாரத்தில் திட்டங்கள் வந்து குவிந்தன. பள்ளியின் பெயரும் மாணவர் எண்ணிக்கையும்தான் வேறு. மற்றதெல்லாம் நான் எழுதியது, என் எழுத்துப்பிழைகள் உட்பட. மாடியே இல்லாத ஒரு தொடக்கப் பள்ளி, மாடிப்படிக்குக் கைப்பிடி வேண்டும் என்று கேட்டிருந்தது. அதற்குக் கீழே பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரின் கையெழுத்து, அழகாக.

தலைவர் அதைப் படித்திருக்க மாட்டார். படிக்க யாரும் கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் இதை வேறு மாதிரி யோசித்திருக்கிறது. அதன் 21ஆம் பிரிவுப்படி, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது இவர்கள் வேலை. 22ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: அரசு தரும் மானியத்துக்கு இந்தத் திட்டமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது முதலில் திட்டம், பிறகு பணம். அரசுப் பள்ளிகளுக்கு இது முழு அதிகாரம். உதவி பெறும் பள்ளிகளில் 2012 திருத்தத்துக்குப் பிறகு குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம்.

நான் பார்த்த பல பள்ளிகளில் வரிசை தலைகீழ். நிதியாண்டின் கடைசியில் பணம் வரும். மார்ச் 31க்குள் செலவழித்து, எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கடைக்கு ஓடுவார்கள், பில் வாங்குவார்கள், பில்லுக்கு ஏற்றபடி தீர்மானம் எழுதுவார்கள். திட்டம் கடைசியில் பிறக்கும். தலைமை ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஈராசிரியர் பள்ளியில் அவர்தான் இரண்டு மூன்று வகுப்பையும் பார்க்கிறார், பதிவேடும் எழுதுகிறார். பணம் வரும் வரை துடைப்பத்துக்கும் சாக்பீஸுக்கும் சொந்தக் காசைப் போட்டவரும் பெரும்பாலும் அவரே.

சரி, எவ்வளவு பணம் அது? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் கூட்டுப் பள்ளி மானியத்தின் உச்ச வரம்பு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிகளுக்குப் போக வேண்டும். மீதியில் மின் கட்டணம், தண்ணீர், பழுது பார்ப்பது, கற்றல் பொருட்கள் எல்லாம். சுற்றுச்சுவரோ கூடுதல் வகுப்பறையோ இதில் கட்ட முடியாது. ஆனால் நான் வாங்கிப் பார்த்த திட்டங்களில் முதல் வரி சுற்றுச்சுவராகவே இருக்கும், வருஷா வருஷம்.

ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அறுபது சொச்சம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. தலைவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். தலைமை ஆசிரியர் தீர்மானப் பதிவேட்டைத் திருப்பி, ஒரு வெற்றுப் பக்கத்தின் அடியைக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா, டீச்சர் அப்புறம் எழுதிக்குவாங்க" என்றார். அந்த அம்மா பேனாவை வாங்கவில்லை. "எழுதுங்க சார், நான் இருக்கேன். பஸ்ஸு அஞ்சரைக்குத்தான்."

எழுதினார்கள். படித்துக் காட்டச் சொன்னார், படித்தார்கள். சுற்றுச்சுவர், வகுப்பறை, கணினி, முன்சுவருக்கு வண்ணம், துப்புரவுப் பொருட்கள். "இதுல எது சார் இப்ப வந்திருக்கற காசுல நடக்கும்?" என்று கேட்டார். பயிற்றுநர் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்கே அதுவரை கேட்கத் தோன்றாத கேள்வி. கணக்குப் போட்டால் கடைசி இரண்டுதான் தேறியது. முன்சுவர் போன வருஷமும் பூசியதுதான். பார்வைக்கு வரும் அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தானே!

அப்புறம்தான் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் வாயைத் திறந்தார். குடிநீர்க் குழாய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை, பெரிய பிள்ளைகள் பிடித்துக் கொடுத்தால்தான் தண்ணீர் என்றார். இன்னொருவர் பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, வெளியே ஒருத்தி காவல் நிற்க வேண்டியிருக்கிறது என்றார். தலைமை ஆசிரியருக்கு இரண்டும் தெரியாது. நல்ல மனிதர், உண்மையாகவே தெரியாது. அந்த வருஷம் வண்ணம் போய், குழாயடியில் ஒரு படியும் இரண்டு தாழ்ப்பாளும் வந்தன.

நம் தமிழ்நாட்டில் இதற்கான கட்டமைப்பு மோசமில்லை. 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுக்கப் பெற்றோர் கூட்டம் நடத்தி, அதன் பின் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. தலைவர் ஒரு பெற்றோர். தலைமை ஆசிரியர் ஒருங்கிணைப்பவர்தான், முடிவெடுப்பவர் அல்ல. தீர்மானங்களைச் செயலியில் ஏற்றவும் வழி உண்டு. ஆனால் வெற்றுப் பக்கத்தில் வாங்கிய கையெழுத்தையும் செயலி அதே மாதிரிதான் ஏற்றுக்கொள்ளும்.

நீங்கள் குழுவில் இருந்தால், ஜனவரிக்குக் காத்திருக்காதீர்கள். குழு அமைந்த நிதியாண்டு முடியக் குறைந்தது மூன்று மாதம் முன்பே திட்டம் தயாராக வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகள் சொல்கின்றன. அப்படியென்றால் டிசம்பர். அது மூன்றாண்டுத் திட்டம், ஆண்டுக்கு ஒன்றாக உள்ளே மூன்று துணைத் திட்டங்கள். கூட்டத்துக்கு முன்னால் பள்ளியை ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கூட வந்தால் நல்லது, நம் உயரத்துக்குத் தெரியாதது அதற்குத் தெரியும். எழுதும்போது தாளை இரண்டாகப் பிரியுங்கள். மானியத்துக்குள் முடிவது ஒரு பக்கம். முடியாதது மறு பக்கம்: அது ஊராட்சிக்கோ, கிராம சபைத் தீர்மானத்துக்கோ, அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்கள், நிறுவனங்கள் போன்றோரிடம் நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' போன்ற வழிக்கோ போக வேண்டியது. இரண்டையும் கலந்தால் சுற்றுச்சுவரைக் காட்டியே தாழ்ப்பாள் தள்ளிப்போகும்.

பணம் எப்போதும் நேரத்துக்கு வரும் என்றும் நம்ப வேண்டாம். இது ஒன்றிய, மாநில அரசுகள் 60:40 என்று பகிரும் திட்டம். 2024-25இல் ஒன்றியப் பங்கு நின்று, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதனால் மானியம் பாதியே வந்தால் முதலில் எதைச் செய்வது என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். வந்தபின் அவசரத்தில் அதைத் தீர்மானிப்பவர் ஒருவராகத்தான் இருப்பார்.

காசோலைத் தாளிலும் வெற்றுக் கையெழுத்து வேண்டாம். தொகையும் பெயரும் எழுதிய பிறகு போடுங்கள், அடிக்கட்டையைப் பாருங்கள். பயன்பாட்டுச் சான்றிதழ் போவதற்கு முன் ரொக்கப் புத்தகத்தை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் பில்லைக் கையில் வைத்துச் சரிபார்த்தால் கால் மணி நேரம் ஆகும். பேருந்து அதற்குப் பிறகுதான்.