மருந்துத் துண்டில் ‘ஓடி’ என்று இருந்தால்

மருந்துத் துண்டிலும் ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியிலும் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஓடி’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். எங்கள் வைத்தியர்கள் அப்படி எழுதினால் நாளுக்கு ஒருதரம் என்று பொருள். ‘ஓம்னி டையே’ என்ற லத்தீன் சொற்களின் சுருக்கம் அது. பீடி என்றால் இரண்டு தரம், டீடீஎஸ் மூன்று தரம்.

அதே ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் ஓடி என்பது வலது கண். அவசர சிகிச்சைப் பிரிவில் ஓவர்டோஸ், அதாவது அளவுக்கு மிஞ்சி மருந்து குடித்து வந்தவர். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கடை வைத்திருப்பவருக்கு ஓவர்டிராஃப்ட் என்ற வங்கி மேலதிகப்பற்று. அந்தந்த இடத்தில் யாருக்கும் குழப்பமில்லை. துண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல்.

பிரஷருக்கு லோசாட்டன் எடுக்கும் ஓர் அம்மா, கொப்பியைப் படமெடுத்து கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பியிருக்கிறார். மகள் இணையத்தில் தேட, ஓவர்டோஸ் என்று வந்திருக்கிறது. “அம்மா, அந்தக் குளிசையைப் போடாதேங்கோ” என்று பதறிப்போய்ச் சொல்ல, அம்மாவும் நிறுத்திவிட்டார். அடுத்த முறை எங்கள் பார்மசிக்கு வந்தபோது பழைய உறையில் குளிசைகள் அப்படியே இருந்ததால்தான் விஷயம் தெரிந்தது. மகள் அக்கறையில் சொன்னதுதானே, அவரில் பிழை இல்லை. வீட்டில் குளிசை எடுத்துக் கொடுப்பவருக்கு விளங்காத எழுத்தை எழுதி அனுப்பும் எங்கள் துறையின் பழக்கம்தான் மாறவேண்டும்.

கண் மருந்தில் இது இன்னும் மோசம். ‘ஒரு சொட்டு ஓடி’ என்றால் நாளுக்கு ஒருதரமா, வலது கண்ணுக்கு மட்டுமா? குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்கு லட்டனோப்ரோஸ்ட் சொட்டு மருந்து நாளுக்கு ஒருதரம்தான், பெரும்பாலும் இரவில் விடவேண்டும். இரண்டு கண்ணுக்கும் எழுதியதை வலது கண் என்று எடுத்துக்கொண்டால், இடது கண்ணுக்கு மருந்தே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்த நோயில் நோவு இருக்காது. பார்வை மெல்ல மெல்லக் குறையும், போன பார்வை திரும்பி வராது.

ஓடி மட்டுமல்ல, இன்சுலினுக்கு யூனிட் என்பதை ‘யு’ என்று ஒற்றை எழுத்தில் குறிப்பதும் ஆபத்து. கையெழுத்தில் அது பூச்சியம் போலத் தெரிந்தால் 4 யூனிட் 40 ஆகிவிடும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜொயின்ட் கமிஷன், எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று 2004இல் நடைமுறைப்படுத்திய பட்டியலில் இந்த ‘யு’வும் இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? குளிசை உறையை வாங்கியவுடன் அந்த இடத்திலேயே பாருங்கள். ‘1 ஓடி’ என்று மட்டும் இருந்தால், “காலையிலா இரவிலா, சாப்பாட்டுக்கு முன்னமா பிறகா?” என்று கேட்டு, தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். வரிசை நீளம் என்று கூச்சப்படாதீர்கள். கண் மருந்தென்றால் எந்தக் கண், எத்தனை தரம் என்று இரண்டையும் கேளுங்கள்.

மூட்டுவாதத்துக்கோ சொரியாசிசுக்கோ மெதொட்ரெக்சேட் குளிசை எடுப்பவர்கள் இன்னும் கவனம். அது கிழமைக்கு ஒருதரம் எடுக்கும் மருந்து. தவறுதலாகத் தினமும் போட்டு இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். திங்களா, வெள்ளியா என்று நாளின் பெயரையே உறையில் எழுதி வாங்குங்கள்.