வரைபடத்தின் ஓரத்தைப் பார்த்தீர்களா?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரி ஒன்றைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள். திரையில் ஒரு நகரத்தின் வரைபடம், ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர். மேற்கு ஓரத்தில் தொடங்கிய தொற்று, நடுவில் இருந்த குடியிருப்புகளைத் தொடாமலே கிழக்கு ஓரத்தில் முளைத்தது. செய்தவர்கள் அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்கள்: யாரோ பயணம் போகும்போது கொண்டுபோயிருக்கலாம். ஆனால் அந்த மாதிரியில் பயணம் என்று ஒன்றே எழுதப்படவில்லை.

அது நெட்லோகோ என்ற மென்பொருளில் செய்த மாதிரி. நெட்லோகோவில் புதிதாக ஒரு மாதிரியைத் திறந்தால் 33க்கு 33, அதாவது 1,089 கட்டங்கள் கொண்ட உலகம் கிடைக்கும். அதன் இடது விளிம்பு வலது விளிம்போடும், மேல் விளிம்பு கீழ் விளிம்போடும் ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் வெளியேறுபவர் மறுபக்கம் உள்ளே வருவார். கற்பனை உலகத்துக்கு இது நல்ல வசதி, ஓரம் என்ற தொல்லையே இல்லை. ஆனால் அதன்மேல் உண்மையான நகரத்தின் வரைபடத்தை விரித்தால், மேற்குக் கோடியில் இருப்பவருக்குக் கிழக்குக் கோடியில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார். அமைப்புப் பக்கத்தில் இந்த ஒட்டலுக்கான இரண்டு டிக்குகளை எடுத்தோம். கிழக்கில் முளைத்த தொற்று மறைந்தது.

அதோடு வேலை முடியவில்லை. ஒட்டலை நீக்கியதும் ஓரம் சுவராகிவிட்டது. எல்லைக்கு வெளியே இருப்பவர்களிடமிருந்து தொற்று வர வழியில்லாததால், ஓரத்துப் பகுதிகள் நிஜத்தைவிடப் பாதுகாப்பாகத் தெரிந்தன. கடைசியில் நகர எல்லைக்கு வெளியே ஒரு பட்டையையும் சேர்த்து ஓட்டினோம், கணக்கெடுக்கும்போது மட்டும் அந்தப் பட்டையை விட்டுவிட்டோம்.

இந்த வகை மாதிரிகளில் ஒவ்வொரு மனிதரும், விலங்கும், வண்டியும் தனித்தனி ஏஜென்ட். ஒவ்வொன்றுக்கும் சில விதிகளும் ஓர் இடமும் உண்டு. இடம் சார்ந்த மாதிரி செய்ய இன்று நல்ல திறமூல மென்பொருள்கள் இருக்கின்றன. யூரி விலென்ஸ்கி 1999இல் எழுதத் தொடங்கிய நெட்லோகோ, ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் கோப்புகளை நேராகப் படிக்கும் காமா, பைத்தானில் மேசா, ஜாவாவில் மேசன். இவை எல்லாமே இலவசம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, உள்ளே என்ன நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பதுதான். திறந்து பார்ப்பவர்கள் குறைவு என்பதுதான் என் கவலை. வரைபடம் அவ்வளவு நிஜமாக இருப்பதால், நாம் எழுதாத விதிகளும் அதற்குள் வேலை செய்கின்றன என்பது மனதில் நிற்பதில்லை.

அப்படிப்பட்ட எழுதாத விதிகளில் யாருடைய முறை முதலில் என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 1992இல் மார்ட்டின் நோவாக், ராபர்ட் மே என்ற இரு ஆய்வாளர்கள் கட்டங்களில் ஒரு விளையாட்டை ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு கட்டமும் அக்கம்பக்கத்தோடு ஒத்துழைக்கும் அல்லது ஏமாற்றும். அடுத்த சுற்றில், பக்கத்தில் அதிகம் சம்பாதித்தவர் எப்படியோ அப்படியே தானும் மாறும். ஒத்துழைப்பவர்களும் ஏமாற்றுபவர்களும் சேர்ந்தே நீடித்தார்கள், அழகான கோலங்களாக. அடுத்த ஆண்டே ஹூபர்மன், கிளான்ஸ் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் அதில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். எல்லாக் கட்டங்களும் ஒரே நொடியில் மாறாமல், ஒன்றன்பின் ஒன்றாக மாறட்டும் என்றார்கள். கோலங்கள் போயின, ஏமாற்றுபவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஏமாற்றினால் கிடைக்கும் ஆதாயத்தின் வேறு பல அளவுகளில் ஒத்துழைப்பு தாக்குப்பிடிக்கும் என்று நோவாக்கின் குழு 1994இல் காட்டியது. விவாதம் எங்கே நின்றாலும், முறை வைக்கும் விதம் முடிவையே மாற்றக்கூடும் என்பது தெளிவானது.

இப்போது மென்பொருள்களைப் பாருங்கள். நெட்லோகோ ஏஜென்ட்களை ஒவ்வொரு முறையும் குலுக்கிப்போட்டு அழைக்கிறது. காமா, நாம் வேறு சொல்லாவிட்டால், உருவான வரிசையில் அழைக்கிறது. முதலில் உருவானவர் எப்போதும் முதலில் கதவை அடைவார், முதலில் உணவை எடுப்பார். இரண்டும் தவறில்லை, ஆனால் ஒரே மாதிரியை இரண்டிலும் எழுதினால் வேறு விடை வரலாம். மேசாவோ 3ஆம் பதிப்பை ஒட்டிப் ஏஜென்ட்களை வரிசைப்படுத்தி அழைக்கும் பழைய ஷெட்யூலர் முறையையே கைவிட்டு வேறு வழிக்கு வந்துவிட்டது. அதனால் எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

அப்புறம் தூரம். அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும் கோப்பை அப்படியே ஏற்றி, 0.001 டிகிரிக்குள் இருப்பவர் பக்கத்தில் இருப்பவர் என்று எழுதிவிடுகிறார்கள். வடக்கு தெற்காக அது ஏறத்தாழ 111 மீட்டர். கிழக்கு மேற்காகவும் நிலநடுக்கோட்டில் அதே அளவுதான், ஆனால் 60ஆவது அட்சரேகைக்குப் போனால் பாதியாகிவிடும். வட்டமாக நினைத்தது நீள்வட்டமாகிறது. காமா இந்த ஆயங்களைத் தானே மீட்டருக்கு மாற்றித் தரும், ஆனால் ஷேப்ஃபைல் எனப்படும் வரைபடக் கோப்போடு, அதன் ஆய முறையைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பும் வந்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பும்போது அதை விட்டுவிடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

நேரத்திலும் இதே சிக்கல் உண்டு. காமாவில் மாதிரி ஓடும் ஒரு படி என்பது, மாற்றாவிட்டால், ஒரு நொடி. கட்டங்களில் நடக்கும் மாதிரியில் மூலைவிட்டமாக வைக்கும் அடி நேரடியைவிட 1.41 மடங்கு நீளம். இரண்டையும் ஒரே படியாக எண்ணினால் மூலையில் போகிறவர் வேகமாக ஓடுகிறார். வெளியேற எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்கிடும் மாதிரியில் இது சின்ன விஷயமில்லை.

ஒரே ஒரு ஓட்டத்தின் வீடியோவை வைத்து முடிவெடுப்பதையும் நிறுத்த வேண்டும். குலுக்கலைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணான விதை எண்ணை மாற்றிப் பலமுறை ஓட்டுங்கள், விடைகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பாருங்கள். நெட்லோகோவில் இதற்கென்றே பிஹேவியர்ஸ்பேஸ் என்ற வசதி இருக்கிறது.

2006இல் ஃபோல்கர் கிரிம்மும் பலரும் சேர்ந்து இத்தகைய மாதிரிகளை விவரிக்க ஓடிடி (ODD) என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். 2010இலும் 2020இலும் அதைத் திருத்தினார்கள். ஓரம், முறை, ஒரு படியின் நீளம், கட்டத்தின் அளவு எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. என்னிடம் வரும் மாதிரிகளில் முதலில் நான் கேட்பது அந்த விவரணையையும் நிரலையும் விதை எண்களையும்தான். கிடைத்ததும் வரைபடத்தை நீக்கிவிட்டு, இரண்டே ஏஜென்ட்களை எதிரெதிர் ஓரத்தில் வைத்து, ஒருவருக்கு மட்டும் தொற்றைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கிறேன். அரை மணி நேர வேலைதான். அந்தத் தொற்று மாதிரியில் இதை முதல் நாளே செய்திருந்தால், இல்லாத ஒரு பயணியை அவர்கள் தேடியிருக்க மாட்டார்கள்.